ஊறுவது எவ்வளவு, இறைப்பது எவ்வளவு? – கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்களின் தண்ணீர்க் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்குக் கூடலூரிலிருந்து தேனி வரை பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகளை இந்த முறை சேர்த்துத் தருகிறேன். பதில்களில் எண்கள் நிறைய வரும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பக்கத்தில் ஒரு பேப்பர் பேனா இருந்தால் நல்லது.

கேள்வி: ஐயா, எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் வருடத்துக்கு இவ்வளவு ஊறுகிறது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். மண்ணுக்குள் போய்ப் பார்க்காமல் இதை எப்படிச் சொல்ல முடிகிறது? – காமயகவுண்டன்பட்டி வாசகர்

நியாயமான சந்தேகம். யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. மழையை அளக்கிறார்கள், பாறையின் வகையைப் பார்க்கிறார்கள், அந்தப் பாறைக்கு மழையில் நூற்றுக்கு இத்தனை பங்கு உள்ளே இறங்கும் என்று ஒரு விகிதம் வைத்துப் பெருக்குகிறார்கள். இந்தியா முழுவதற்கும் இதற்கென்று ஒரு வழிமுறை இருக்கிறது: 1997-ல் ஒன்று வந்தது, 2015-ல் அதைத் திருத்தினார்கள். வண்டல் மண் என்றால் இந்த விகிதம் அதிகம். நம் பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. அதன்மேல் மக்கிய பாறை கொஞ்ச ஆழத்துக்கு இருக்கிறது, தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அந்த மக்கிய அடுக்கிலும் அதற்குக் கீழே இருக்கும் வெடிப்புகளிலும்தான். களிமண் கலந்த மக்கிய நைஸுக்கு 8 சதவீதம், களி குறைவாக இருந்தால் 11, சார்னோகைட்டுக்கு 5 என்று 1997 வழிமுறை சொல்கிறது.

சரி, கணக்குக்கு வருடத்துக்கு 800 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் பள்ளத்தாக்கின் நடுவில் இதைவிடக் குறையும், மலையடிவாரத்தில் கூடும். 2015 திருத்தத்தின்படி சராசரி மழையில் முதல் 10 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த அளவு மேல்மண்ணை நனைப்பதிலேயே போய்விடும். மீதி 720 மி.மீ. அதில் 8 சதவீதம் ஏறக்குறைய 58 மி.மீ.

ஒரு வருட மழையில் நம் கிணறுகளுக்கு வந்து சேர்வது இவ்வளவுதான், ஒரு சாண் கூட இல்லை! ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது 4,047 லிட்டர், ஆக ஏக்கருக்கு வருடத்துக்கு சுமார் 2 லட்சத்து 34 ஆயிரம் லிட்டர். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு ஏக்கர் வாழை நன்றாக வளர்ந்து நிற்கும்போது ஒரு நாளைக்கு சுமார் 20,000 லிட்டர் குடிக்கும், அப்படியானால் இது பன்னிரண்டு நாளைக்குக்கூட வராது.

இந்த 58-ஐயும் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விகிதம் 5 ஆனால் 36 மி.மீ., 11 ஆனால் 79. உங்கள் தோட்டத்துக்கு அடியில் எது என்பது பாறையைப் பொறுத்தது, பக்கத்துத் தோட்டத்தில் வேறாக இருக்கலாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே, எங்கள் கிணற்றை வைத்தே இதைக் கணக்கிட வழி உண்டா? – இராயப்பன்பட்டி வாசகி

உண்டு அம்மா. மழை விகிதத்தைவிட இந்த வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், அரசு வழிமுறையும் மழைக்காலக் கணக்குக்கு முதலில் இதைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்கிறது.

மழைக்கு முன்னால் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது, மழை முடிந்த பிறகு எத்தனை அடிக்கு ஏறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். கனமான ஒரு நட்டைக் கயிற்றில் கட்டி, கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு இறக்கினால் போதும். அளக்கும் இடம் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும், கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் நேரம். முந்தைய நாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் சுவிட்ச் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். இரவெல்லாம் ஓடிய கிணற்றைக் காலையில் அளந்தால், பாறையின் நீர்மட்டம் தெரியாது, மோட்டார் உறிஞ்சிய பள்ளம்தான் தெரியும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடினாலும் இதே தொல்லைதான், அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

மட்டம் 3 மீட்டர் ஏறியிருக்கிறது என்று வைப்போம். இங்கேதான் பலரும் கணக்கை விடுகிறார்கள். கிணற்றுக்குள் 3 மீட்டர் ஏறினால் அந்த 3 மீட்டரும் முழுக்கத் தண்ணீர்தான். சுற்றியிருக்கும் பாறையில் அப்படி இல்லை, மக்கிய கெட்டிப் பாறையில் நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்கு இடத்திலிருந்துதான் தண்ணீர் வடிந்து வரும். வழக்கமாக 1.5 சதவீதம் என்று எடுப்பார்கள். அப்போது 3 மீட்டர் ஏற்றத்துக்கு 45 மி.மீ. தண்ணீர்தான் சேர்ந்திருக்கிறது. ஒரு ஏக்கருக்கு 1 லட்சத்து 82 ஆயிரம் லிட்டர். கிணறு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது, கவலை இல்லை என்று வாழையோடு சேர்த்து இன்னொரு பயிரும் வைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ஏக்கருக்குக் கீழே சேர்ந்தது ஒன்பது நாள் வாழைத் தண்ணீர். அதற்கு மேல் வருவதெல்லாம் பக்கத்து நிலத்துக்குக் கீழிருந்து வருகிறது, அங்கேயும் ஒருவர் மோட்டார் வைத்திருக்கிறார்.

அப்புறம், அந்த மழைக்காலத்தில் நீங்கள் இறைத்ததையும் இதில் கூட்ட வேண்டும். ஊறியதில் ஒரு பகுதியை அப்போதே எடுத்துவிட்டீர்கள், அது மட்டத்தில் தெரியாது. இறைத்த அளவுக்கு மோட்டார் ஓடிய மணிநேரம் வேண்டும், மோட்டார் தண்ணீர் தள்ளும் வேகம் வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 40 விநாடி ஆனால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். வருடத்துக்கு இரண்டு முறையாவது, மார்கழியில் ஒன்று சித்திரையில் ஒன்று, டிரம் வைத்துப் பாருங்கள், மட்டம் இறங்க இறங்க இதே மோட்டார் குறைவாகத்தான் தள்ளும்.

கிணறு ஊறும் வேகத்தையும் இதோடு பார்த்துவிடலாம். 6 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் மோட்டாரை நிறுத்திய பின் ஒரு மணி நேரத்தில் 30 செ.மீ. ஏறினால் மணிக்கு 8,500 லிட்டர் ஊறுகிறது என்று அர்த்தம். மோட்டார் 18,000 எடுக்கிறது, ஊற்று 8,500 தருகிறது, கிணறு ஏன் சீக்கிரம் காலியாகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். கிணறு நிரம்ப நிரம்ப ஊற்றின் வேகமும் குறையும், அதனால் இதை 24-ஆல் பெருக்கி ஒரு நாளைக்கு இவ்வளவு கிடைக்கும் என்று எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: குளோரைடு சோதனை செய்தால் ஊறும் அளவு தெரியும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். செய்து பார்க்கலாமா? – கம்பம் வாசகர்

மகன் சொல்வது சரியான முறைதான். மழைநீரில் உப்பு மிகக் குறைவு, நிலத்தில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கும், ஆகவே கிணற்று நீர் எத்தனை மடங்கு உப்பேறியிருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு உள்ளே இறங்கியது என்று சொல்லலாம். காட்டோரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் நன்றாக வரும். ஆனால் வாழைத் தோட்டத்தில் செய்ய வேண்டாம். நாம் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பதே பொட்டாசியம் குளோரைடு. வாழைக்கு அதை மூட்டை மூட்டையாகப் போடுகிறோம், அதுவும் கிணற்றில்தான் வந்து சேரும், மழை ஊறுவதே இல்லை என்பது போல ஒரு விடை கிடைக்கும்.

கேள்வி: வாழை, திராட்சை, நெல் மூன்றும் எங்கள் குடும்பத்தில் உண்டு. எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். சரியான அளவு என்ன? – ஆனைமலையான்பட்டி வாசகர்

ஒரே ஒரு சரியான அளவு கிடையாது, அதனால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் கணக்கிடும் வழி ஒன்றுதான். வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பம் இவற்றை வைத்து நன்றாகத் தண்ணீர் விட்ட புல்தரை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீரை ஆவியாக விடும் என்று முதலில் கண்டுபிடிப்பார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998-ல் வெளியிட்ட 56-ஆம் கையேட்டில் வந்த பென்மன்–மான்டீத் சூத்திரம்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க இதற்குப் பயன்படுகிறது. அந்த அளவைப் பயிருக்குரிய ஒரு எண்ணால் பெருக்க வேண்டும், பயிர் சிறிதாக இருக்கும்போது அந்த எண் சிறிது, தழைத்து நிற்கும்போது பெரிது. வானிலைத் தகவல் இல்லாத இடத்தில் ஆவியாதல் தொட்டியில் குறைந்த அளவை 0.7-ஆல் பெருக்கி எடுப்பதும் உண்டு.

உங்கள் பக்கத்தில் புல்தரை அளவு சராசரியாக நாளுக்கு 4.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலிலும் ஆனி ஆடிக் காற்றிலும் கூடும், ஐப்பசி கார்த்திகையில் குறையும். தழைத்த வாழைக்கு 1.1-ஆல் பெருக்கினால் 5 மி.மீ., முன்னே சொன்ன 20,000 லிட்டர் இதுதான். ஏக்கருக்கு ஆயிரம் மரம் என்றால் மரத்துக்கு 20 லிட்டர். கன்று வைத்த முதல் இரண்டு மூன்று மாதம் இதில் பாதிகூட வேண்டாம், ஆனால் நம் ஆட்கள் பலர் முதல் நாளிலிருந்து ஒரே அளவைத்தான் விடுகிறார்கள்.

திராட்சையில் இந்த வித்தியாசம் இன்னும் துல்லியமாகத் தெரியும். கவாத்து செய்தவுடன் பந்தல் வெறும் குச்சியாக நிற்கிறது, எண் 0.3, நாளுக்கு 5,500 லிட்டர் போதும். பந்தல் முழுக்க இலை மூடி காய் பருக்கும்போது 0.85, அதாவது 15,500 லிட்டர். ஏறக்குறைய மூன்று மடங்கு. கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமையே வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டிருப்பதுதான், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரில் எல்லாப் பந்தலும் ஒரே சமயத்தில் இலை மூடி நிற்பதில்லை என்பதால், ஊரின் மொத்தத் தேவையைக் கணக்கிட யாருடைய பந்தல் எப்போது கவாத்து என்ற விவரம் வேண்டும். ஏக்கரை மட்டும் கூட்டிப் பெருக்கினால் மிகைக் கணக்கு வரும்.

நெல் வேறு விதம். பயிர் குடிப்பது ஒரு போகத்துக்கு 520 மி.மீ. அளவுதான், காற்றுக் காலத்துப் புல்தரை அளவு 5 மி.மீ. என்று வைத்து, அதை 1.1-ஆல் பெருக்கி 95 நாளைக்குப் போட்டால் வருவது. அதோடு தொழி அடிக்க, அதாவது நடவுக்கு முன் வயலைச் சேறாக்க, 200 மி.மீ., பிறகு வயலில் நிறுத்தி வைக்கும் தண்ணீர் நாளுக்கு 4 மி.மீ. வீதம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், 90 நாளைக்கு 360. மொத்தம் 1,080 மி.மீ. இதில் மூன்றில் ஒரு பங்கு பயிருக்குப் போகவில்லை, கீழே போகிறது. கிணற்றுக்குப் போகிறது என்றும் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் வாய்க்காலைக் கான்கிரீட் போட்டுச் சீரமைத்தார்கள். அதற்குப் பிறகு வாய்க்கால் ஓரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. தண்ணீர் சேமிப்பு என்கிறார்கள், எங்களுக்கோ கிணறு போகிறது. இதில் யார் சொல்வது சரி? – உத்தமபாளையம் பகுதி வாசகர்கள் நால்வர்

இந்தப் பகுதியிலேயே முக்கியமான கேள்வி இதுதான், விரிவாகவே சொல்கிறேன்.

பெரியாறு அணைத் தண்ணீர் 1895-லிருந்து சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அதை நம்பி இருக்கும் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர். அண்மை ஆண்டுகளில் ஜூன் 1-ஆம் தேதி முதல் போகத்துக்குத் திறக்கும்போது உத்தரவில் பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, 120 நாள் என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். பாசனத்துக்கான 200 கன அடியை 120 நாளைக்குக் கூட்டினால் 2 டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். அதை 14,707 ஏக்கரில் பரப்பினால் 986 மி.மீ. ஆழம் நிற்கும்.

வயலுக்கு 1,080 தேவை என்று மேலே பார்த்தோம், ஆனால் ஆற்றில் விடுவதே 986. வாய்க்காலில் கசிவு போக வயலுக்கு வருவது இன்னும் குறைவு, நான்கில் ஒரு பங்கு போனால்கூட 740 தான். பிறகு எப்படி நெல் விளைகிறது? கொஞ்சம் மழை ஈடுகட்டுகிறது. மீதியை மேல்மடை வயலின் வடிகால்தான் ஈடுகட்டுகிறது, அது கீழ்மடைக்காரருக்குப் பாசனம். கசிந்தது ஓடையில் ஊற்றாக வெளியே வந்து மறுபடி ஆற்றுக்கு வருகிறது, அடுத்த தடுப்பணையில் இன்னொரு வாய்க்கால் அதை எடுக்கிறது. முல்லையாறும் சுருளியாறும் சேர்ந்து கீழே போகும் வரை ஒரே தண்ணீர் பல கை மாறுகிறது.

அந்த 740-இல், நீர்மட்டம் மேலாகக் கிடக்கும் நெல் நிலத்தில் பாதி வரை நிலத்துக்குள் திரும்பும் என்று 1997 வழிமுறை சொல்கிறது. 370 மி.மீ. வயலில் இறங்குவதாக நாம் தனியாகப் போட்ட 360-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது பாருங்கள். மழையால் ஒரு வருடம் முழுக்க ஊறுவது 58. ஒரே போக நெல் ஊறவைப்பது அதைப் போல ஆறு மடங்கு! ஆகவே வாய்க்கால் பாசன நிலத்துக் கிணறுகளில் இருப்பது பெரும்பாலும் பெரியாறு தண்ணீர்தான், இரண்டாம் தடவையாக எடுக்கிறோம்.

இப்போது உங்கள் வாய்க்காலுக்கு வருவோம். மண் வாய்க்காலைக் கான்கிரீட் செய்தால் கசிவு ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்பதுதான் கணக்கில் எடுக்கும் அளவு. கசிவு குறைந்தால் ஓரத்துக் கிணறு இறங்கத்தான் செய்யும், நீங்கள் சொல்வது உண்மை. கடைமடைக்கு முன்பு வராத தண்ணீர் இப்போது வருகிறது என்று துறை சொன்னால் அதுவும் உண்மை. தவறு எங்கே நடக்கிறது என்றால், வாய்க்கால் திட்ட அறிக்கையில் இவ்வளவு தண்ணீர் சேமித்தோம் என்று எழுதுகிறார்கள், நிலத்தடி நீர் அறிக்கையில் அதே தண்ணீர் பழைய விகிதப்படி ஊறிக்கொண்டிருப்பதாகவே நிற்கிறது. ஒரே நூறு ரூபாயை அப்பா கணக்கிலும் மகன் கணக்கிலும் வரவு வைப்பது போன்றது இது. இரண்டு நோட்டிலும் மிச்சம் இருக்கும், டப்பாவில் இருக்காது.

சொட்டுநீரிலும் இதே கவனம் வேண்டும். நான் சொட்டுநீருக்கு எதிரி இல்லை, வாழைக்கும் திராட்சைக்கும் அது வேண்டும் என்றே சொல்வேன், மின்சாரமும் ஆளும் உரமும் மிச்சம். ஆனால் முன்பு பாத்தியில் பாய்ச்சி அதிகமாய் விட்டதில் ஒரு பகுதி கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சொட்டுநீரில் அந்தத் திரும்பல் அனேகமாக நின்றுவிடுகிறது. ஆவியாகிப் போகும் தண்ணீர், அதாவது இலை வழியாகப் போவது, கிட்டத்தட்ட அதே அளவுதான். மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்து நட்டால் பள்ளத்தாக்கின் மொத்த இழப்பு முன்பைவிட அதிகமாகும், கிணறு மட்டம் இறங்கும். சொட்டுநீர் போட்டும் ஏன் தண்ணீர் பற்றவில்லை என்று கேட்டு எழுதிய சின்னமனூர் வாசகருக்கும் என் பதில் இதுதான்: ஏக்கர் கூடியதா என்று பாருங்கள்.

வாய்க்கால் பூச்சே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடைமடைக்காரரும் விவசாயிதான். ஒரு வாய்க்காலைப் பூசுவதற்கு முன்னால் அதன் ஓரத்தில் எத்தனை கிணறு அந்தக் கசிவில் வாழ்கிறது, அதில் எத்தனை ஏக்கர், எத்தனை குடிநீர்க் கிணறு என்று எண்ணி அறிக்கையில் எழுத வேண்டும். மிச்சமாகும் தண்ணீரில் ஒரு பங்கைக் குளங்களுக்கு விட வேண்டும். கிணற்றுக்காரர்கள் இதை உரிமையோடு கேட்கலாம், சலுகையாக இல்லை.

இன்னொன்று. இங்கே கசிந்து யாருக்கும் பயன்படாமல் போகிறது என்று நினைக்கும் தண்ணீரும் வீணாகவில்லை, பள்ளத்தாக்கின் வடிகால் எல்லாம் வைகை அணைக்குத்தான் போகிறது. மேலே நாம் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மதுரைப் பக்கம் அதன் கணக்கு தெரியும்.

கேள்வி: எங்கள் குறுவட்டம் பாதுகாப்பான பட்டியலில் இருக்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் எங்கள் கிணறு மாசியிலேயே வறண்டுவிடுகிறது. பட்டியல் பொய்யா? – மலையடிவார வாசகர்

பொய் இல்லை, சராசரி. வருடத்துக்கு எடுக்கக்கூடிய தண்ணீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் மிகை சுரண்டல் என்று பிரிக்கிறார்கள். ஒரே குறுவட்டத்தில் ஆற்றோர நெல் வயலும் இருக்கும், உங்கள் மானாவாரிக் காடும் இருக்கும். ஆற்றோரத்து 370 உங்கள் பக்கத்து 58-ஐ மறைத்துவிடுகிறது. கால்வாய்ப் பாசனப் பகுதியையும் மற்றதையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று வழிமுறையிலேயே இருக்கிறது, கிராம சபையில் அந்தப் பிரித்த கணக்கைக் கேளுங்கள். உங்கள் பக்கத்துக்கு வழி 18-ஆம் கால்வாய் போன்றவற்றில் தண்ணீர் விட்டுக் கண்மாய்களை நிரப்புவதுதான். கண்மாயில் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு நாளும் 1.4 மி.மீ. இறங்கும் என்பது கணக்கில் எடுக்கும் அளவு. 100 நாள் நின்றால் 140 மி.மீ., வருட மழை ஊறலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். வண்டல் எடுத்த கண்மாயில் இன்னும் கூட இறங்கும்.

கேள்வி: இலவச மின்சாரத்துக்கு மீட்டர் இல்லையே, நாங்கள் எவ்வளவு இறைக்கிறோம் என்று அரசுக்கு எப்படித் தெரியும்? – தேவாரம் வாசகர்

நேரடியாகத் தெரியாது. 1990 முதல் விவசாயப் பம்ப்செட் எல்லாவற்றுக்கும் மின்சாரம் இலவசம், யூனிட் கணக்கு இல்லை. அதனால் கிணறுகளை எண்ணி ஒரு கிணற்றுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று சராசரி வைத்துப் பெருக்குகிறார்கள், அல்லது பயிர்ப் பரப்பை எடுத்துப் பயிரின் தண்ணீர்த் தேவையால் பெருக்குகிறார்கள். இரண்டாவது வழியில் அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில், உள்ள பயிர் சரியாக இருக்க வேண்டும். ஊறுவதிலும் மதிப்பீடு, இறைப்பதிலும் மதிப்பீடு, ஒன்றை ஒன்றால் வகுத்து வரும் சதவீதத்தில் 69-க்கும் 71-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு ஊரின் போர் (ஆழ்துளைக் கிணறு) அனுமதியைத் தீர்மானிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இலவச மின்சாரத்தில் கை வைக்காமலேயே, ஊருக்குப் பத்துக் கிணற்றிலாவது மோட்டார் ஓடும் மணியைக் காட்டும் கருவியை அரசு செலவில் வைக்கலாம். அதை விவசாயிகளே படித்து எழுதலாம்.

கேள்வி: 1,000 அடி போர் போட்டால் இந்தப் பிரச்சினை தீருமா? – போடி வாசகர்

தீராது. ஆழத்தில் தண்ணீர் வெடிப்பில்தான் இருக்கும், கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைத்தாலும் மேலே ஊறும் அதே 58-இலிருந்துதான் அதுவும் நிரம்ப வேண்டும். செலவையும் பாருங்கள்: 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 3,000 லிட்டர் ஏற்றும், 300 மீட்டரிலிருந்து 500 லிட்டர்தான். ஒரு ஏக்கர் வாழைக்கு நாளுக்கு 7 யூனிட் போதுமான இடத்தில் 40 யூனிட் ஆகும்.

கேள்வி: ஒரு ஏக்கர் வாழைக்கு எத்தனை ஏக்கர் மழை ஊறல் வேண்டும்? எங்கள் விவசாயிகள் குழுவில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஊருக்கே ஒரு கணக்கு போட என்ன செய்ய வேண்டும்? – சுருளிப்பட்டி வாசகர்

வாக்குவாதத்துக்கு எண் தருகிறேன். கன்று வைத்தது முதல் தார் வெட்டும் வரை ஒரு வருடத்துக்கு வாழையின் தேவை 1,400 மி.மீ. என்றும், மழையில் 450 மி.மீ. நேராக வேருக்குப் பயன்படுகிறது என்றும் வைத்தால் மீதி 950-ஐக் கிணறு தர வேண்டும். 950-ஐ 58-ஆல் வகுத்தால் 16. வாய்க்கால் தண்ணீர் எட்டாத இடத்தில் ஒரு ஏக்கர் வாழை நிற்க 16 ஏக்கரில் ஊறும் தண்ணீர் வேண்டும். திராட்சை, தென்னை, மற்றவர் வாழை எல்லாவற்றையும் இதேபோல் போட்டுக் கூட்டி, ஊரின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஊர்க் கணக்குக்கு ஆற்றோரத்தில் நான்கு கிணறு, நடுவில் நான்கு, மலையடியில் நான்கு தேர்ந்தெடுங்கள். மே கடைசி வாரத்தில், அதாவது ஜூன் 1 தண்ணீர் திறப்பதற்கு முன்னால், ஒரு முறை அளக்க வேண்டும், திறந்த பிறகு அளந்தால் மழையில் ஏறியதையும் வாய்க்காலில் ஏறியதையும் பிரிக்க முடியாது. அடுத்து செப்டம்பர் கடைசியில், பிறகு வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில். ஆற்றோரக் கிணறு செப்டம்பரில் ஏறி, மலையடிக் கிணறு ஜனவரியில்தான் ஏறினால் எது எந்தத் தண்ணீரில் வாழ்கிறது என்பதற்குச் சாட்சி அதுவே. கூடவே பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைத்துப் பிள்ளைகளை விட்டு தினமும் காலை எட்டரை மணிக்குப் படிக்கச் சொல்லுங்கள். பயிர்ப் பட்டியலை அடங்கலிலிருந்து எடுக்காமல் குழுவினரே தோட்டம் தோட்டமாக நடந்து எழுதுங்கள், கவாத்து மாதத்தையும் சேர்த்து. மூன்று அளவையும் வைத்துக்கொண்டு எனக்கு அனுப்பினால் கிணற்றுக்காரர் பெயர் இல்லாமல் கணக்கைப் போட்டு இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.